ஒரு இந்தியப் பெண் வெள்ளையர்களைப் பற்றி ஆய்வு செய்யலாமா?

வாசகர் கேள்வி: மினசோட்டாவில் சமூகவியல் பிஎச்டி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். மினியாபோலிஸ் நகரத்தில் வீடு, நிலம், கடன் வழியாக வெள்ளையர் என்ற அடையாளம் எப்படி உறுதிப்பட்டது என்று ஆய்வு செய்ய ஆசை. அட்வைசருக்குச் சம்மதம்தான். ஆனால் இனவெறி பற்றிய பாடத்துக்கு டீஏவாக (வகுப்பு நடத்த உதவும் ஆய்வு மாணவராக) நின்றபோது ஒரு மாணவர் "எங்கள் நாட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். பருவ முடிவு மதிப்பீட்டில் ஒருவர் "வெள்ளையர்களை வெறுப்பவர்" என்று எழுதியிருக்கிறார். அப்பாவோ "நமக்கு எதுக்கு இந்த வம்பு, டேட்டா சயின்ஸுக்கு மாறிடு" என்கிறார். நான் இதைச் செய்யலாமா, வேலை கிடைக்குமா, இன்றைய நிலைமையில் பாதுகாப்புதானா? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

தாராளமாகச் செய்யலாம். வேலை, விசா, பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்டதை அலட்சியம் செய்ய மாட்டேன், அதற்கும் வருகிறேன். ஆனால் அந்த மாணவரின் கேள்விதான் உங்களை அதிகம் அசைத்திருக்கிறது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது, அதனால் அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இந்தப் பாடத்தை நான் அமெரிக்க வகுப்பறைகளில் பல வருடங்களாக நடத்துகிறேன். அந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் எனக்கும் வரும். "நான் இத்தனை வருடம் இங்கே இருக்கிறேன், இத்தனை புத்தகம் படித்திருக்கிறேன்" என்று அதற்கு என் வரலாற்றைச் சொல்லிப் பதில் தருவதில்லை, ஏனென்றால் அப்படிச் சொல்ல ஆரம்பித்த நிமிடமே பேச்சு இனவெறியை விட்டுவிட்டு என் தகுதிக்குப் போய்விடும், அப்புறம் அந்த வகுப்பை மீட்கவே முடியாது. அவர் முன்னால் ஒரு காகிதத்தை வைத்து, அவருடைய ஊரின் காகிதத்தையே வைத்து, "வாசியுங்கள், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்பேன்.

உங்களுக்கு அந்த விஷயத்தில் பெரிய அதிர்ஷ்டம் இருக்கிறது. நீங்கள் இருப்பது மினசோட்டாவில்.

1908 ஜனவரியில் டுலூத் நகரத்து நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. ஜான் ஸ்வான் என்ற பின்லாந்துக்காரரும் இன்னும் சில பின்லாந்துக்காரர்களும் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள். 1790 சட்டப்படி 'சுதந்திரமான வெள்ளையர்' மட்டுமே அமெரிக்கக் குடியுரிமை கேட்க முடியும், 1870-இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் அதில் சேர்த்தார்கள், அவ்வளவுதான். அரசு வழக்கறிஞர் என்ன வாதாடினார் தெரியுமா, பின்லாந்துக்காரர்கள் மங்கோலிய இனத்தவர், ஆகவே வெள்ளையர் இல்லை என்று. அதற்கு முந்தைய வருடம்தான் மினசோட்டாவின் மெசாபி இரும்புச் சுரங்கங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்திருந்தது, அதில் பின்லாந்துத் தொழிலாளர்கள் முன்வரிசையில் நின்றார்கள். இந்தப் பின்னணி இல்லாமல் அந்த வழக்கைப் படித்தால் ஏதோ மானுடவியல் விவாதம் போலத் தோன்றும். நீதிபதி வில்லியம் கான்ட் பின்லாந்துக்காரர்கள் வெள்ளையர்தான் என்று தீர்ப்பளித்தார், விண்ணப்பம் பிழைத்தது.

இரண்டே வருடம் கழித்து, 1910-இல், மினியாபோலிஸில் ஒரு கிரயப் பத்திரம் எழுதப்படுகிறது. அந்த மனையைச் சீனர், ஜப்பானியர், மூர், துருக்கியர், நீக்ரோ, மங்கோலியர், ஆப்பிரிக்கர் ஆகிய வம்சத்தவர் யாருக்கும் எந்தக் காலத்திலும் விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்பது அதிலுள்ள நிபந்தனை. இப்போது இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1908-இல் அந்த நீதிபதி வேறு மாதிரி எழுதியிருந்தால், அந்தப் பின்லாந்துக்காரர்கள் குடியுரிமை வாங்கியிருக்க முடியாது, 1910-இன் பத்திரம் அவர்களுக்கும் கதவைச் சாத்தியிருக்கும். ஒரு தீர்ப்பு அவர்களைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தது. அதே டுலூத்தில் 1920 ஜூனில் எலியாஸ் கிளேட்டன், எல்மர் ஜாக்சன், ஐசக் மெக்கீ என்ற மூன்று கறுப்பின சர்க்கஸ் தொழிலாளர்களைக் கும்பல் சிறையிலிருந்து இழுத்துவந்து தெருவிளக்குக் கம்பத்தில் தூக்கிலிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் அதே ஊரின் வரலாறுதான்.

மினசோட்டா வகுப்பறையில் இரும்புச் சுரங்கப் பகுதியிலிருந்து வந்த, பின்லாந்துக் குடும்பப் பெயர் உள்ள ஒரு மாணவராவது அநேகமாக இருப்பார். அவருக்கு இந்த வழக்கைக் கொடுங்கள். தன் கொள்ளுத்தாத்தாவை வெள்ளையர் இல்லை என்று அரசாங்கமே சொல்லிப் பார்த்தது என்று அவர் அறியும் இடத்தில் பாடம் தானாகத் தொடங்கிவிடும். வெள்ளைத்தன்மை தோலில் இருக்கிறது என்ற எண்ணம் அங்கேதான் முதலில் ஆட்டம் காணும். சட்டமும் கூலியும் நிலமும் சேர்ந்து ஆட்களை உள்ளே விட்டு, வெளியே தள்ளி, ஒரு கூட்டத்தை உண்டாக்கியிருக்கின்றன என்று அவரே கண்டுகொள்வார். அதைச் சொல்ல நீங்கள் அமெரிக்காவில் பிறந்திருக்க வேண்டியதில்லை.

இதனால்தான் பாடத்தின் முதல் வாரத்திலேயே "உங்களுக்குக் கிடைத்த சலுகைகளைப் பட்டியலிடுங்கள்" என்று மாணவர்களிடம் கேட்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. வெல்ஸ்லி கல்லூரியின் பெக்கி மெக்கின்டாஷ் 1988-இல் தன் அன்றாட வாழ்க்கையைப் பார்த்து எழுதிய பட்டியல் ஒரு நேர்மையான முயற்சி, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 19 வயதுப் பிள்ளைகளை வகுப்பில் வரிசையாக எழுந்து பாவ அறிக்கை வாசிக்க வைத்தால் என்ன நடக்கும்? வசதியான வீட்டுப் பிள்ளைகள் அழகாகப் பேசிக் கைதட்டு வாங்குவார்கள். சுரங்கம் மூடியதால் அப்பாவுக்கு வேலை போன பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், "எனக்கு என்ன சலுகை கிடைத்தது" என்று மனதுக்குள் கொதித்துக்கொண்டு. கறுப்பின மாணவர்கள் இரண்டு பக்கமும் பார்த்தபடி களைத்துப்போவார்கள். யாரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள்.

அந்தச் சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை கேட்கும் கேள்விக்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது, அதைச் சொன்னவர் கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ். உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாநிலங்களில் நடந்த மறுசீரமைப்புக் காலத்தைப் பற்றி 1935-இல் அவர் எழுதிய பெரிய நூலில், ஏழை வெள்ளைத் தொழிலாளி ஏன் ஏழைக் கறுப்புத் தொழிலாளியோடு சேரவில்லை என்று கேட்கிறார். கூலி இருவருக்குமே குறைவு. ஆனால் வெள்ளைத் தொழிலாளிக்கு அதற்கு ஈடாக இன்னொரு கூலி கிடைத்தது என்கிறார்: பொது இடத்தில் மரியாதை, பூங்காவுக்குள் அனுமதி, பிள்ளைகளுக்கு மேலான பள்ளிக்கூடம், தன் ஆட்களிலிருந்தே வந்த போலீஸ், கொஞ்சம் இளகிய நீதிமன்றம். இந்தக் கூலி அவன் வறுமையைத் தீர்க்கவில்லை. முதலாளிக்கோ இதனால் லாபம்தான், இரண்டு தொழிலாளிகளும் கைகோக்காமல் போனதால் இருவர் கூலியும் உயரவில்லை. இதை நிதானமாக விளக்கினால், அந்தப் பிள்ளை முதல் தடவையாக நிமிர்ந்து உட்காருவதை நீங்கள் பார்க்கலாம், ஏனென்றால் தன் அப்பாவின் வறுமையை மறுக்காமல் ஒருவர் அவனிடம் இனவெறியைப் பற்றிப் பேசுகிறார்.

"ஒரு இந்தியப் பெண் வெள்ளையர்களைப் பற்றி ஆய்வு செய்யலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். 'வெள்ளைத்தன்மை ஆய்வு' என்ற இந்தத் துறை 1990-களில் டேவிட் ரோடிகர் போன்ற வெள்ளை வரலாற்றாசிரியர்களால் தொடங்கியது என்று பல சிலபஸ்களில் இருக்கும். அவர்கள் செய்த வேலை நல்ல வேலை. ஆனால் டு பாய்ஸ் 1920-லேயே வெள்ளையர்களின் மனதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதிவிட்டார். அவருக்கும் முன்னால், வெள்ளையர்களின் வயலிலும் சமையலறையிலும் வேலை செய்தவர்கள் அவர்களைக் கூர்ந்து கவனித்தே உயிர் பிழைத்தார்கள். வெளியே நிறுத்தப்பட்டவர்கள்தான் இந்தத் துறையின் முதல் ஆய்வாளர்கள். நீங்கள் இங்கே புதிதாக எந்த வரம்பையும் மீறவில்லை.

அதே சமயம் நாம் வெறும் பார்வையாளர்களும் இல்லை, இதை உங்களிடம் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். பகத் சிங் திந்த் வழக்கைப் படித்திருப்பீர்கள். பஞ்சாபிலிருந்து வந்து குடியுரிமை கேட்டவர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். 1922 நவம்பரில் ஜப்பானியரான தகாவோ ஒசாவாவின் வழக்கில் 'வெள்ளையர்' என்றால் காகேசிய இனத்தவர் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி, அன்றைய இன அறிவியல் நூல்கள் வட இந்தியர்களைக் காகேசியர் என்றுதானே சொல்கின்றன என்று திந்த் தரப்பு வந்தது. மூன்று மாதம் கழித்து, 1923 பிப்ரவரியில், அதே நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்ட், அறிவியல் என்ன சொன்னாலும் சாதாரண மனிதன் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறானோ அவரே வெள்ளையர் என்று எழுதி திந்தின் குடியுரிமையைத் தள்ளினார். சதர்லாண்டே இங்கிலாந்தில் பிறந்து குடியேறியவர்.

நம் ஆட்கள் இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். திந்த் தரப்பு என்ன வாதாடியது என்பதையும் வகுப்பில் வாசிக்க வைக்க வேண்டும். தான் உயர்சாதி, தன் ரத்தம் ஆரிய ரத்தம், சாதி விட்டுச் சாதி மணம் செய்யாததால் அது கலக்கவில்லை, இங்கே வெள்ளையர் நீக்ரோவைப் பார்ப்பது போலத்தான் திருமண விஷயத்தில் உயர்சாதி இந்து இந்தியாவின் ஆதிகுடிகளைப் பார்க்கிறான் என்ற வாதம் அது. வெள்ளைத்தன்மைக்குள் நுழையச் சாதியைச் சாவியாக நீட்டினார்கள். அந்த வரியைக் கறுப்பின மாணவர்கள் முன்னால் சத்தமாக வாசிக்கும்போது நமக்குக் கூச வேண்டும், கூசட்டும். "உங்கள் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது" என்று கேட்கும் மாணவருக்கு நேர்மையான பதிலும் அதில்தான் இருக்கிறது. சாதியைப் பற்றிக் கேட்டால் மழுப்பாதீர்கள். அம்பேத்கர் 1946-இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், ஐ.நா.வுக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டு, தீண்டப்படாதோரின் நிலையும் இதுவே என்று. அந்த வழியில் நின்றுகொண்டு நீங்கள் பாடம் நடத்தலாம்.

திந்த் தீர்ப்புக்குப் பிறகு ஏற்கனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். வைஷ்ணோ தாஸ் பகாய் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்தார், 1921-இல் குடியுரிமை வாங்கியவர். அது போனது, குடியுரிமை பெற முடியாதவர்கள் நிலம் வைத்திருக்கக் கூடாது என்ற கலிஃபோர்னியா சட்டத்தால் சொத்தும் போனது, ஊருக்குப் போய்வர அமெரிக்க பாஸ்போர்ட்டும் மறுக்கப்பட்டது. 1928-இல் தற்கொலை செய்துகொண்டார். இந்தியர்களுக்குக் குடியுரிமை மறுபடி திறந்தது 1946-இல்தான். அதனால் உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: நமக்கு எதுக்கு இந்த வம்பு என்று ஒதுங்க முடியாதபடி அந்தக் கோடு நம்மையும் தொட்டுப் போயிருக்கிறது.

அப்பாவின் கவலையைச் சின்னதாக நினைக்காதீர்கள். வேலை விஷயத்துக்கு வருகிறேன்.

'வெள்ளைத்தன்மை ஆய்வு' என்று எந்தத் துறையும் உதவிப் பேராசிரியர் பணியிடம் விளம்பரம் செய்வது அபூர்வம். விளம்பரங்களில் நகரச் சமூகவியல், இனமும் குடியேற்றமும், சட்டமும் சமூகமும், பொருளாதாரச் சமூகவியல் என்றுதான் இருக்கும். ஆகவே உங்களை நீங்கள் வீட்டுச் சொத்தையும் நகரத்தையும் ஆராயும் சமூகவியலாளர் என்றே அறிமுகம் செய்யுங்கள், வெள்ளைத்தன்மை உங்கள் ஆய்வின் கேள்வியாக இருக்கட்டும். உலகம் புத்திசாலித்தனமாக இருந்தால் இது தேவைப்படாது, ஆனால் இது வேலைச் சந்தைக்கான தந்திரம் மட்டுமும் இல்லை. எரிக் ஆர்னெசென், பார்பரா ஃபீல்ட்ஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் 2001-லேயே இந்தத் துறையைக் கடுமையாக விமர்சித்தார்கள். 'வெள்ளைத்தன்மை' என்ற கருத்தை எதற்கு வேண்டுமானாலும் இழுத்துக்கொள்கிறார்கள், தொழிலாளர்களின் மனதில் என்ன இருந்தது என்பதை ஆதாரமில்லாமல் ஊகிக்கிறார்கள் என்பது ஆர்னெசென் வைத்த குற்றச்சாட்டின் சாரம். எனக்கு அதில் பாதிக்கு மேல் உடன்பாடு உண்டு. அந்த விமர்சனங்களை எதிரியின் வாதம் என்று தள்ளாமல் உங்கள் முன்மொழிவின் முதல் அத்தியாயத்திலேயே எதிர்கொள்ளுங்கள். பத்திரம், வரைபடம், கடன் பதிவு, மக்கள்தொகைக் கணக்கு என்று கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஆதாரத்தில் ஆய்வு நின்றால், யார் வந்து குறுக்குக் கேள்வி கேட்டாலும் தாங்கும்.

ஆதாரத்துக்கு உங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் 'மேப்பிங் ப்ரெஜுடிஸ்' திட்டம் 2016 முதல் தன்னார்வலர்களை வைத்துப் பழைய பத்திரங்களை வாசித்து, இன நிபந்தனை உள்ளவை ஆயிரக்கணக்கில் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் குறித்திருக்கிறது. 1930-களில் ஃபெடரல் அரசின் வீட்டுக்கடன் அமைப்பு நகரங்களைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரித்த வரைபடங்களை ரிச்மண்ட் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. 1934-இல் வந்த ஃபெடரல் வீட்டு நிர்வாகம், கடனுக்கு உத்தரவாதம் தரும் விதிமுறைக் கையேட்டிலேயே இப்படிப்பட்ட நிபந்தனைகளை ஆதரித்தது. 1948-இல் உச்ச நீதிமன்றத்தின் ஷெல்லி வழக்கில் நீதிமன்றங்கள் இந்த நிபந்தனைகளை அமல்படுத்தக் கூடாது என்று தீர்ப்பு வந்தது, 1968-இல் வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. ஆனால் அதற்குள் இரண்டு தலைமுறை வீடு வாங்கி, விலை ஏறி, பிள்ளைகளுக்குக் கைமாற்றியாகிவிட்டது. உங்கள் ஆய்வின் உயிர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த வேலைக்கு ஜிஐஎஸ் என்ற கணினி வரைபடத் தொழில்நுட்பமும் புள்ளியியலும் வேண்டும், அவற்றை இப்போதே நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். நகரத் திட்டமிடல் அலுவலகம், வீட்டுவசதி அமைப்புகள், கொள்கை ஆய்வு நிறுவனங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு வெளியே கதவு திறப்பதும் இவைதான். அப்பா சொன்ன டேட்டா சயின்ஸ் இதற்குள்ளேயே பாதி வந்துவிடும், அவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 2020 மே மாதம் உங்கள் நகரத்தில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டு போலீஸால் கொல்லப்பட்ட பிறகு, கம்பெனிகளுக்கு இனப் பாகுபாடு பற்றிப் பயிற்சி வகுப்பு எடுக்கும் தொழில் திடீரென்று பெருத்தது, பிறகு அதே வேகத்தில் வற்றியது. அதை நம்பி வாழ்க்கையை அமைக்க வேண்டாம். கட்டாயப் பயிற்சிகளால் நிறுவனங்களில் பெரிய மாற்றம் வருவதில்லை என்று ஃபிராங்க் டாபினும் அலெக்ஸாண்ட்ரா காலெவும் பல வருட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். ஒரு பருவம் முழுக்க வாசித்து, எழுதி, சண்டை போட்டு, மறுபடி வந்து உட்காரும் வகுப்புக்கு ஈடாக இரண்டு மணி நேரப் பட்டறை எதுவும் கிடையாது.

பாதுகாப்பு. எந்த மாநிலத்தில் வேலை என்பது இப்போது நிஜமாகவே முக்கியம். இனம் பற்றிய பாடங்களைக் கட்டுப்படுத்த ஃபுளோரிடா 2022-இல் கொண்டுவந்த சட்டம் கல்லூரி வகுப்பறைக்குள்ளேயே கை வைத்தது, உயர்கல்விக்கான பகுதியை அந்த வருடமே ஃபெடரல் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. டெக்சாஸில் 2024 ஜனவரி முதல் அமலான சட்டம் பல்கலைக்கழகங்களின் பன்முகத்தன்மை அலுவலகங்களை மூடியது, ஆனால் பாடம் நடத்துவதற்கும் ஆராய்ச்சிக்கும் அதில் விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் சட்டத்தில் விலக்கு இருந்தாலும் பயந்த நிர்வாகம் சட்டத்தைத் தாண்டி அடக்கும். விண்ணப்பிக்கும் ஒவ்வொரு இடத்திலும் அங்கே வேலை செய்யும் ஒருவரிடமாவது தொலைபேசியில் பேசாமல் முடிவெடுக்காதீர்கள்.

நீங்கள் விசாவில் இருப்பவர். 2025-இல் மாணவர் விசாக்கள் எப்படித் திடீரென்று ரத்தாயின என்று பார்த்திருப்பீர்கள். குடியுரிமை உள்ள உங்கள் சக மாணவர் எடுக்கும் ரிஸ்க்கும் நீங்கள் எடுப்பதும் ஒன்றல்ல, யாராவது "தைரியம் வேண்டும்" என்று உங்களை முன்னால் தள்ளினால் நகர்ந்து நில்லுங்கள், அதில் எந்த வெட்கமும் இல்லை. சர்வதேச மாணவர் அலுவலகத்தோடும், முடிந்தால் ஒரு குடியேற்ற வழக்கறிஞரோடும் இப்போதே பேசி வையுங்கள். ஆய்வையும் கட்டுரையையும் உங்கள் பெயரில் முழு பலத்தோடு எழுதுங்கள், சமூக ஊடகச் சண்டையை விட்டுவிடுங்கள். பல்கலைக்கழக வேலைக்கு எச்1பி வேலை விசாவின் வருடாந்தரக் குலுக்கல் வரம்பு இல்லை என்பதையும் அப்பாவிடம் சொல்லலாம், அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

கடைசியாக அந்த மதிப்பீடு. பெண்களுக்கும், நிறத்தாலும் உச்சரிப்பாலும் வேறுபட்டவர்களுக்கும் மாணவர் மதிப்பீடுகள் சாய்வாக வரும் என்பதைத் துறையில் எல்லாரும் அறிவார்கள், இருந்தும் டென்யூர் என்ற நிரந்தரப் பணிக்கான கோப்பில் அந்த எண்களைத்தான் புரட்டுவார்கள். அதனால் எதிர் ஆவணத்தை நீங்களே சேர்க்க வேண்டும். அடுத்த பருவம் ஆரம்பித்த மூன்றாம் நான்காம் வாரத்திலேயே அட்வைசரையோ துறையின் மூத்த பேராசிரியர் ஒருவரையோ உங்கள் வகுப்பில் வந்து உட்காரச் சொல்லி, பார்த்ததை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். பருவத்தின் நடுவில் பெயரில்லாமல் ஒரு சின்னக் கருத்துக் கணிப்பு எடுத்து, அதைப் பார்த்து என்ன மாற்றினீர்கள் என்று மாணவர்களிடமே சொல்லுங்கள். விவாதம் சூடாகும் நாட்களில் பேசுவதற்கு முன் ஐந்து நிமிடம் எல்லாரையும் எழுத வையுங்கள், முதலில் கத்துபவர் வகுப்பை எடுத்துக்கொள்வது குறையும். "வெள்ளையர்களை வெறுப்பவர்" என்ற அந்த வரியை உங்கள் அட்வைசரிடம் காட்டிவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. இந்த வாரமே காட்டுங்கள். பதில் எழுத வேண்டாம், அந்த மாணவர் யார் என்று யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். முன்மொழிவின் வரைவு தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், 1908 வழக்கையும் 1910 பத்திரத்தையும் அதில் எங்கே வைக்கிறீர்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.